லாங் பிம்பிள் ரப்பர் வாங்கக் கிளம்பும் பெற்றோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் டேபிள் டென்னிஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்கு நடுவில் இந்த விளையாட்டுக்கு அரைப்பக்கம் கொடுத்ததற்கே முதலில் நன்றி. ஆனால் அதில் லாங் பிம்பிள் ரப்பரை (பேட்டின் மேல் ஒட்டுகிற, நீளமான காம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்) 'மாய ரப்பர்' என்று தலைப்புப் போட்டு, பேட்டை மட்டும் பெரிதாக வெட்டிப் படமும் போட்டிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று பெற்றோர் என்னிடம் வந்துவிட்டார்கள். "சார், அந்த ரப்பர் எங்க கிடைக்கும்? பையனுக்கு அட்டாக் சரியா வரல, டிஃபென்ஸ்ல போட்டுடலாம்னு பாக்கறோம்" என்று ஒருவர் கேட்டார். மற்ற இருவர் கேட்டதும் ஏறக்குறைய அதேதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்தைந்து வருடமாக சாப் ஆடுகிறவன். பந்தின் அடிவயிற்றை வெட்டி, டேபிளில் இருந்து தள்ளி நின்று திருப்பி அனுப்பும் ஆட்டம் அது. ரயில்வே வேலையில் இருந்தபோது காலையும் மாலையும் ஆடினேன், ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. லாங் பிம்பிள் ஒட்டிவிட்டால் பிள்ளை டிஃபென்ஸ் ஆடிவிடும் என்று நினைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தடுப்பது கால், கை, கண். ரப்பர் அதற்கு அப்புறம்தான்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ரப்பர் ஒன்று, ஆட்டம் இன்னொன்று. உங்கள் கட்டுரையில் அவை கலந்துவிட்டன. நம் நாட்டு மணிகா பத்ரா பேக்ஹேண்ட் (புறங்கை) பக்கம் லாங் பிம்பிள் வைத்திருக்கிறார், உண்மை. 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூரின் ஃபெங் தியன்வெய்யை அணிப் போட்டியில் ஒருமுறை, ஒற்றையர் அரையிறுதியில் ஒருமுறை என்று இரண்டு தடவை வீழ்த்தித் தங்கம் வாங்கினார். ஆனால் அவர் சாப் ஆட்டக்காரர் இல்லை. டேபிளை ஒட்டி நிற்பார், வரும் பந்தை அங்கேயே மறித்து வேகத்தைக் கொன்றுவிடுவார், அடுத்த பந்தை ஃபோர்ஹேண்டில் அடிப்பார். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில், அப்போது உலகின் முதல் நிலை வீராங்கனையாக இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை 3-1 என்று தோற்கடித்த நம் ஐஹிகா முகர்ஜி வைத்திருப்பது பிம்பிளே இல்லை, ஆன்ட்டி ஸ்பின் ரப்பர். பார்க்க வழவழவென்று இருக்கும், பிடிப்பு இருக்காது. அது வேறு சாமான், வேறு பழக்கம்.

இவர்களைத் தென் கொரியாவின் ஜூ சே-ஹ்யுக்கோடு வைத்துப் பாருங்கள். அவரும் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்தான். 2003-இல் பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் சீனாவின் மா லின்னையும் கிரீஸின் கிரியங்காவையும் வெளியேற்றி இறுதி வரை வந்து, ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் 4-2 என்று தோற்றார். அவர் நின்று ஆடியது டேபிளுக்கு மூன்று நான்கு மீட்டர் பின்னால். அங்கிருந்து வெட்டி வெட்டி அனுப்பிக்கொண்டே இருப்பார், எதிராளி ஒரு பந்தை லேசாகத் தூக்கினால் போதும், ஓடி வந்து ஃபோர்ஹேண்டில் போடுகிற அடியை அட்டாக் ஆடுகிறவர்களே பொறாமைப்பட்டுப் பார்ப்பார்கள். மணிகாவும் ஜூவும் ஒரே வகை ரப்பர் ஒட்டியவர்கள், ஆட்டமோ வடக்கும் தெற்கும். அப்படியிருக்க, ரப்பரைக் கேட்டால் அது எந்த ஆட்டத்தைத் தரும்?

இந்த ரப்பர் என்னதான் செய்கிறது என்று கேட்பீர்கள். மாயம் எதுவும் இல்லை. எதிராளி டாப் ஸ்பின் போட்டு அடித்தால் பந்து முன்பக்கமாக உருண்டுகொண்டே நம்மிடம் வருகிறது. வீட்டில் ஒரு சைக்கிளின் முன் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து வேகமாகச் சுற்றிவிடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளை அப்படியே பின்னோக்கி இழுங்கள். போகிற திசை மாறிவிட்டது, சக்கரம் சுற்றுவது மாறவில்லை. லாங் பிம்பிளில் பட்ட பந்துக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். மேல்பக்கம் காம்பில்லாமல் சமமாக இருக்கும் பிளெயின் ரப்பர் பந்தைக் கவ்விப் பிடித்து, சுழற்சியை நிறுத்தி, கை சொல்கிற சுழற்சியைக் கொடுக்கும். லாங் பிம்பிளின் நீளமான காம்புகள் வளைந்து வழிவிட்டுவிடும். பந்து திரும்பிப் போகும், வந்த சுழற்சியில் பெரும்பகுதியோடு. அவர் போட்ட டாப் ஸ்பின் அவருக்கே பேக் ஸ்பின்னாக, அதாவது பின்பக்கமாக உருளும் பந்தாக, போய்ச் சேரும். எவ்வளவு முறுக்கி அடித்தாரோ அவ்வளவு கனமாக.

சரி, அவர் முறுக்கவே இல்லை என்றால்? அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். சுழற்சி இல்லாத வெறும் பந்தைத் தள்ளினால், லாங் பிம்பிளில் எவ்வளவு வெட்டினாலும் பெரிதாக ஒன்றும் ஏறாது. அவர் பேக் ஸ்பின் வைத்துத் தள்ளி, நாமும் லாங் பிம்பிளால் தள்ளினால், பந்து லேசான டாப் ஸ்பின்னோடு மிதந்து போய் அவருடைய நெஞ்சு உயரத்தில் நிற்கும். தெரிந்த எதிராளி என்ன செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. மாவட்டப் போட்டிகளில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்: முதல் சுற்றில் எதிராளி குழம்பிப் போவார், பிம்பிள் பிள்ளை ஜெயிக்கும், பெற்றோர் குளிர்ந்துபோவார்கள். மூன்றாவது சுற்றில் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, சும்மா நான்கு பந்து தட்டிவிட்டு ஐந்தாவதை அடிப்பார். அவ்வளவுதான். பிள்ளைக்கு ஏன் தோற்றோம் என்றே புரியாது, ஏனென்றால் ஏன் ஜெயித்தோம் என்பதும் அதற்குத் தெரியாது.

போன வருடம் ஒரு பதினொரு வயதுப் பெண் எங்களிடம் வந்தாள். நல்ல கை, நிதானமான பிள்ளை, அவசரமே கிடையாது, இருபது பந்து முப்பது பந்து சலிக்காமல் திருப்புவாள். அவளுடைய அப்பா ஒரு கடையில் கேட்டதற்கு 'டிஃபென்ஸ் செட்' என்று ஒரு பேட்டைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். மரம் கார்பன் போட்டது. ஃபோர்ஹேண்ட் பக்கம் 2.1 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் (ரப்பருக்கு அடியில் இருக்கும் மெத்தை) உள்ள வேகமான ரப்பர், அந்தப் பக்கமே கனத்துத் தொங்கியது. பேக்ஹேண்ட் பக்கம் ஸ்பாஞ்சே இல்லாத லாங் பிம்பிள். கட்டைவிரலால் அந்தக் காம்புகளை ஒரு வரிசையாகத் தடவிப் பார்த்தேன், நடுவில் மூன்று காம்பு அடியோடு பிய்ந்து பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. ஆறு மாதம்தான் ஆகிறதாம். கைப்பிடியை ஒட்டி இருக்க வேண்டிய சர்வதேசக் கூட்டமைப்பின் முத்திரையைத் தேடினேன், இல்லை. அதாவது அந்த ரப்பரோடு விதிப்படி நடக்கும் எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது. அந்த மனிதர் இதற்குக் கொடுத்த பணத்தை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. தெரியாமல் செய்தார்களா, தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டார்களா என்பது எனக்குத் தேவையில்லை. பாதிக்கப்பட்டது அந்தப் பிள்ளையின் ஆறு மாதம்.

கார்பன் மரத்தில் என்ன தப்பு என்றால், பந்து கையில் நிற்காது. சாப்புக்கு பந்து ஒரு நொடித்துளி ரப்பரில் தங்க வேண்டும், அந்தத் துளி நேரத்தில்தான் கை வெட்டுகிறது. விறைப்பான மரத்தில் பட்டதும் தெறிக்கும். அதனால் பிளை (கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும், ரப்பர் ஒட்டாத வெறும் மரம்) முழுக்க மரமாக, ஐந்து அடுக்காக, மெதுவானதாக இருக்கட்டும். சாப்புக்கென்றே செய்கிற பிளைகளின் முகம் சாதாரணத்தை விடச் சற்று அகலம். தள்ளி நின்று எட்டிப் பிடிக்கும்போது அந்தக் கொஞ்சம் அகலம் பெரிய உதவி. ஜூ சே-ஹ்யுக் பெயரில் பட்டர்ஃப்ளை கம்பெனி போட்ட பிளை அப்படிப்பட்டது, ஜப்பானின் கோஜி மட்சுஷிதா பெயரில் வருவதும் அப்படித்தான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு அந்த அகலமும் எடையும் தேவையில்லை. நம் நாட்டுக் கம்பெனிகளின் ஆல்ரவுண்ட் பிளை ஒன்றே முதல் இரண்டு வருடத்துக்குத் தாராளமாகப் போதும். கைப்பிடி நேராக இருப்பது நல்லது. பின்னால் பேட்டைத் திருப்பித் திருப்பி ஆடக் கற்கும்போது, அடிப்பக்கம் விரிந்த கைப்பிடி விரலில் இடிக்கும்.

ரப்பருக்கு வருகிறேன். தொடங்குகிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பிளெயின் ரப்பர்தான், 1.5 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச். இதைச் சொன்னால் பெற்றோர் முகம் தொங்கிவிடுகிறது. "டிஃபென்ஸ்னு சொன்னீங்களே சார், பிம்பிள் வேண்டாமா?" வேண்டும், ஆனால் இப்போது இல்லை. பிளெயின் ரப்பரில் சாப் கற்றவனுக்குத்தான் சுழற்சி என்றால் என்ன என்று உள்ளங்கையில் தெரியும். முறுக்கிய பந்து வந்தால் மேலே எகிறும், அதை அடக்க பேட்டை இன்னும் செங்குத்தாக நிறுத்திக் கீழே இழுக்க வேண்டும். லேசான பந்து வந்தால் அதே மாதிரி இழுத்தால் நெட்டில் விழும், அதைக் கொஞ்சம் முன்னோக்கித் தள்ளி வெட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை லாங் பிம்பிள் மறைத்துவிடும். வசதியாகத்தான் இருக்கும், ஆனால் கண் படிக்கக் கற்காது. ஒன்றரை இரண்டு வருடம் இப்படி ஆடி, ஃபோர்ஹேண்ட் பேக்ஹேண்ட் இரண்டிலும் தொடர்ச்சியாக இருபது சாப் விழ ஆரம்பித்த பிறகு பேக்ஹேண்டுக்கு லாங் பிம்பிள் ஒட்டுங்கள்.

அப்போதும் எது என்று கேட்டு வாங்க வேண்டும். தள்ளி நின்று வெட்டுகிறவருக்கு பிம்பிளின் அடியில் 0.5-இல் இருந்து 1 மில்லிமீட்டர் வரை மெல்லிய ஸ்பாஞ்ச் இருப்பது நல்லது, வேகமான அடியை அது உள்வாங்கிக்கொள்ளும், பந்தின் ஆழத்தைக் கையால் கட்டுப்படுத்தலாம். ஸ்பாஞ்ச் இல்லாத ஓ.எக்ஸ் வகை டேபிளை ஒட்டி நின்று மறிக்கிறவர்களுக்குப் பொருந்தும். எங்கள் சிறுமிக்குக் கடையில் கொடுத்தது இதைத்தான், அவளோ மூன்று மீட்டர் பின்னால் நின்று ஆடுகிறவள். ஃபெயின்ட் லாங் மாதிரியான, அடங்கி நடக்கிற ரப்பரில் தொடங்குங்கள். கிராஸ் டி.டெக்ஸ் என்கிற ரப்பர் எதிராளிக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், பழகாத கைக்கும் அதே தொந்தரவுதான் கொடுக்கும். ஃபோர்ஹேண்ட் பக்கம் எப்போதும் பிளெயின். கை தேறத் தேற 1.5-இல் இருந்து 1.8 வரை போகலாம், அடியில் நம்பிக்கை வந்தால் 2.0.

வாங்கும்போது கைப்பிடியோரம் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இல் உராய்வே இல்லாத லாங் பிம்பிள்களைத் தடை செய்தார்கள், அந்தக் காலத்துச் சரக்கு எங்காவது மூலையில் கிடக்கலாம். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் முன்பு சிவப்பு மட்டும்தான், 2021-இல் இருந்து நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதாவும் ஒட்டலாம். பிள்ளைகளுக்கு இது குஷி. காம்பு பிய்ந்த ரப்பரோடு போட்டிக்குப் போகாதீர்கள், பார்த்தால் அம்பயர் விடமாட்டார்.

பேட் போதும், ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. சாப் ஆட்டத்தில் ஓட்டம் பக்கவாட்டை விட முன்னும் பின்னும்தான் அதிகம். எதிராளி பலமாக அடிப்பார், பின்னால் போவீர்கள். அடுத்ததை நெட்டை ஒட்டிச் சொட்டு வைப்பது போல வைப்பார், முன்னால் பாய வேண்டும். அதை எடுத்து முடிப்பதற்குள் மறுபடி அடி. இப்படி ஒரு பாயிண்டுக்குள் நான்கு தடவை போய் வருவது சாதாரணம். அதனால் வெட்டி முடித்ததும் அங்கேயே நின்று பந்தை ரசிக்கக் கூடாது, அரை அடியாவது முன்னால் வந்துவிட வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். எழுந்து எழுந்து ஓடுகிற பிள்ளை மூன்றாவது கேமில் மூச்சு வாங்கும்.

பேக்ஹேண்ட் சாப்பில் வலக்கைக்காரருக்கு இடது கால் பின்னால் போகும், உடம்பு இடப்பக்கம் திரும்பும், பேட் காது உயரத்தில் இருந்து கிளம்பும். பந்து உச்சியில் இருந்து இறங்கி வருகிற வரை பொறுத்திருந்து, இடது தொடைக்கு முன்னால், இடுப்புக்குச் சற்றுக் கீழே அதைச் சந்திக்க வேண்டும். இந்தப் பொறுத்திருப்பதுதான் கஷ்டம். அவசரக்காரப் பிள்ளைகள் நெஞ்சு உயரத்திலேயே வெட்டிவிடுவார்கள், பந்து மேலே பறக்கும். அந்தச் சிறுமிக்கு நான் வைத்த பயிற்சி சாதாரணம்: டேபிளுக்கு இரண்டரை மீட்டர் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு அந்தப் பக்கம் நின்றுதான் எடுக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்கவும் சொன்னேன். சரியாகப் பட்டால் 'ஸ்ர்க்' என்று துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும், தப்பாகப் பட்டால் 'டக்' என்று மரம் பேசும். முதல் வாரம் முழுக்க டக், டக்தான். இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம் நான் அடிக்க அடிக்க பதினேழு பந்து தொடர்ந்து அந்தச் சத்தத்தில் வந்தது. அவளே எண்ணிக்கொண்டிருந்தாள், பதினெட்டாவதில் சிரித்துவிட்டாள், பந்து நெட்டில் விழுந்தது.

அப்புறம் வேற்றுமை. ஒரே மாதிரி சாப் போட்டால் நல்ல அட்டாக்கர் பத்துப் பந்தில் கணக்குப் போட்டுவிடுவார். அதே கையசைவு, அதே வேகம், ஆனால் ஒரு பந்து மெல்லியதாக உரசிக் கனமாகப் போக வேண்டும், அடுத்தது கொஞ்சம் தடிப்பாகப் பட்டு வெறுமையாக மிதக்க வேண்டும். இதை ஃபோர்ஹேண்ட் பிளெயின் ரப்பரில்தான் நன்றாகச் செய்ய முடியும். அவர் கனம் என்று நினைத்துத் தூக்கினால் பந்து டேபிளைத் தாண்டும், வெறுமை என்று நினைத்து அடித்தால் நெட்டுக்குள். பாதி பாயிண்ட் இப்படித்தான் வருகிறது. மீதிப் பாதி, சொன்னால் நம்பமாட்டீர்கள், அட்டாக்கில் வரவேண்டும். இது ஆசைக்காகச் சொல்வதில்லை, விதியே அப்படி. ஒரு கேம் பத்து நிமிடத்தைத் தாண்டியும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினெட்டு பாயிண்ட் ஆகவில்லை என்றால் 'எக்ஸ்பெடைட்' வந்துவிடும். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு சர்வீஸ். சர்வீஸ் போட்டவர் பாயிண்டை முடித்தாக வேண்டும், எதிராளி பதின்மூன்று தடவை பந்தைத் திருப்பிவிட்டால் பாயிண்ட் எதிராளிக்கு. இந்த விதி வரக் காரணமே எங்கள் கூட்டத்தின் முன்னோர்கள்தான். 1936-இல் பிராக் நகரில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பனேத்தும் ஆடிய ஆட்டத்தில் முதல் பாயிண்ட் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. இப்போது அப்படி ஆட முடியாது. ஃபோர்ஹேண்டில் அடிக்கத் தெரியாத பிள்ளையை டிஃபென்ஸ் ஆட்டக்காரன் என்று சொல்லவே கூடாது. "அட்டாக் வரல, அதனால டிஃபென்ஸ்" என்று வந்தாரே அந்த அப்பா, அவருக்கு என் பதில் இதுதான். அட்டாக் வராத பிள்ளைக்கு முதலில் அட்டாக் சொல்லிக்கொடுப்போம்.

இந்த ஆட்டம் செத்துவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. 1952-லேயே சொன்னார்கள். ஆசியாவில் முதன்முதலாக உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது நம் பம்பாயில், அந்த வருடம். ஜப்பானில் இருந்து கண்ணாடி போட்ட சாதோ என்கிற ஆள் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். அதுவரை எல்லோரும் பந்து படுகிற சத்தத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணித்தார்கள், அவருடைய பேட்டில் சத்தமே இல்லை. பெரிய பெரிய தடுப்பாட்டக்காரர்கள் திகைத்துப்போனார்கள், சாதோ பட்டம் வாங்கிக்கொண்டு போனார். அப்போதும் சாப் ஆட்டம் சாகவில்லை. 2000-இல் பந்தை 40 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள், 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது, சுழற்சி குறைந்தது, எங்களுக்குக் கஷ்டம் கூடியது. ஆனாலும் 2019-இல் சீனாவின் தேசிய ஒற்றையர் பட்டத்தை, அத்தனை அட்டாக் புலிகளுக்கு நடுவில், ஏறக்குறைய நாற்பதை எட்டிய ஹோ யிங்சாவ் வாங்கினார். அவர் சாப் ஆட்டக்காரர். ஜெர்மனியின் ஹான் யிங், ஜப்பானின் ஹாஷிமோட்டோ ஹொனோக்கா ஆடுகிற ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

நம் ஊரில் சரத் கமலையும் சத்தியனையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் அட்டாக் ஆடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சரத் 2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நாற்பது வயதில் ஒற்றையர் தங்கம் வாங்கிய அன்று நான் டிவி முன்னால் எழுந்து நின்றுதான் பார்த்தேன். ஆனால் கிளப்பில் சாப் ஆடுகிறவர் ஒருவர்கூட இல்லாமல் வளரும் அட்டாக்கர், வெளி மாநிலத்தில் ஒரு நல்ல சாப் ஆட்டக்காரரிடம் மாட்டினால் என்ன செய்வதென்றே தெரியாமல் ஐந்து பந்து நெட்டில் அடித்துவிட்டு கோச்சைத் திரும்பிப் பார்க்கிறார். பத்து பேர் ஆடுகிற இடத்தில் ஒருவராவது சாப் ஆடினால் மற்ற ஒன்பது பேருக்கும் லாபம்.

அதற்குத் தடை ரப்பர் இல்லை, இடம். இதைத்தான் உங்கள் பேப்பர் எழுத வேண்டும். டேபிளின் நீளம் 2.74 மீட்டர். சர்வதேசப் போட்டிக்கு ஆடுகளம் குறைந்தது 14 மீட்டர் நீளம் வேண்டும் என்கிறார்கள், கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை மீட்டருக்கு மேல். எங்களைச் சுற்றியுள்ள கோச்சிங் சென்டர்களில் வரிசையாக ஆறு டேபிள் போட்டு, பின்னால் இரண்டு எட்டு வைத்தால் சுவர். சில இடங்களில் பின்னால் போனால் அடுத்த டேபிள் பிள்ளையின் முதுகில்தான் முட்ட வேண்டும். வாடகையும் மின்கட்டணமும் எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஓர ஓரமாக இருக்கிற ஒரே ஒரு டேபிளை நடுவுக்கு இழுத்துப் போட்டு இருபக்கமும் நான்கு மீட்டர் விட முடியாதா? எங்கள் கிளப்பில் செவ்வாயும் வெள்ளியும் அப்படிச் செய்கிறோம். இரண்டு டேபிளை மடக்கிச் சுவரோரம் நிறுத்துகிறோம், முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது சாப் ஆட்டத்துக்கு எதிராகப் பழக அவர்களாகவே வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்று, நம் ஊர் வெக்கை. ஃபேன் போட்டால் பந்து காற்றில் அலையும் என்று நிறுத்திவிட்டுத்தான் ஆடுகிறோம். மே மாதத்தில் கை வியர்வை கைப்பிடி வழியாக ரப்பர் விளிம்பு வரை வரும். பிளெயின் ரப்பரில் ஈரம் பட்டால் பந்து வழுக்கும், சாப்புக்கு வழுக்கல் விஷம். ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை துண்டு எடுக்க விதி அனுமதிக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், முகத்தைத் துடைப்பதற்கு முன்னால் கையைத் துடைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் பிளெயின் ரப்பரை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, பையில் வையுங்கள். வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் பேட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், பசை விட்டு ரப்பர் ஓரம் மடங்கிக்கொள்ளும்.

அந்தச் சிறுமி இப்போது சாதாரண ஐந்து அடுக்கு பிளையில், இருபக்கமும் பிளெயின் ரப்பரோடு ஆடுகிறாள். பழைய பேட்டை அவளுடைய அப்பா அலமாரியில் வைத்திருக்கிறார். அடுத்த ஜூனில் லாங் பிம்பிள் ஒட்டலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். ஃபோர்ஹேண்டில் பத்துக்கு ஏழு அடிக்கச் சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு ஐந்து விழுகிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது பேட்டை மட்டும் வெட்டிப் போடாமல், ஆட்டக்காரரின் கால் தெரிகிற மாதிரி முழுப் படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சாப் ஆட்டக்காரன்,
திருச்சி